ஆட்டுக்குட்டி சொன்ன ரகசியமும் வீணாய்ப் போன இருபத்திரண்டு வருடங்களும்

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். பிறக்க வேண்டிய தேதிக்கு ஐந்தரை வாரம் முன்பே பிறந்துவிட்ட குழந்தை. எடை சுமார் 2.1 கிலோ. இன்றைக்கு நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரியில் இந்த எடையைப் பார்த்து யாரும் பெரிதாகப் பயப்பட மாட்டார்கள். ஆனால் பேட்ரிக் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சுவிடத் திணற ஆரம்பித்தான். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அழுத்தம் கூட்டிய ஆக்ஸிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. 39 மணி நேரத்தில் உயிர் போய்விட்டது.

உலகத்திலேயே பலம் வாய்ந்த நாட்டின் தலைவர். பணத்துக்குக் குறைவில்லை, டாக்டர்களுக்குக் குறைவில்லை. இருந்தும் ஒரு குழந்தைக்கு மூச்சைக் கொடுக்க முடியவில்லை!

இந்தச் சாவைத் தடுக்க வாய்ப்புள்ள ஒரு ஊசி அடுத்த ஒன்பது வருடத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. விலை அதிகமில்லாத ஊசி. குழந்தைக்குக்கூட இல்லை, பிரசவத்துக்கு முன்பு அம்மாவுக்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி. ஆச்சரியம் அதில் இல்லை. அந்த ஊசி வேலை செய்கிறது என்று 1972-இலேயே தெரிந்தும், மருத்துவ உலகம் அதைப் பொதுவான வழக்கமாக ஏற்றுக்கொள்ள 1994 வரை ஆனது. அதுதான் ஆச்சரியம், அதுதான் சோகம். நடுவில் இருந்த இருபத்திரண்டு வருடம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நுரையீரலுக்குள் ஒரு சோப்பு நுரை

முதலில் கொஞ்சம் அறிவியல். நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு 30 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றின் உட்சுவரிலும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த இழுவிசை நுண்ணறையை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அறை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாகச் சுருங்கிவிடப் பார்க்கும். அப்படியென்றால் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ள வேண்டுமே? ஏன் ஒட்டுவதில்லை?

சோப்புப் போட்டால் தண்ணீரின் இழுவிசை குறைகிறது அல்லவா? அதே மாதிரி நுரையீரலே ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரக்கிறது. கொழுப்பும் புரதமும் கலந்த அந்தப் பொருளுக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். அது பரவியிருப்பதால் நுண்ணறைகள் சுருங்கினாலும் ஒட்டிக்கொள்வதில்லை. கருவில் இருக்கும் குழந்தைக்கு இது கடைசி மாதங்களில்தான் போதுமான அளவு சுரக்கும். அதற்கு முன்பே பிறந்துவிட்டால் நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சும் புது பலூனை முதல் முறை ஊதுவது மாதிரி. கொஞ்ச நேரத்தில் குழந்தை களைத்துப் போய்விடும்.

இதைக் கண்டுபிடித்த வரலாறே ஒரு புறக்கணிப்பில்தான் ஆரம்பிக்கிறது. 1929-இல் கர்ட் ஃபான் நீர்கார்ட் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நுரையீரலைக் காற்றால் நிரப்பிப் பார்த்தார், பிறகு திரவத்தால் நிரப்பிப் பார்த்தார். திரவத்தால் நிரப்புவது ரொம்பச் சுலபமாக இருந்தது. அப்படியானால் நுரையீரல் சுருங்கப் பார்ப்பதற்குப் பெரிய காரணம் பரப்பு இழுவிசைதான் என்று முடிவுக்கு வந்தார். பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கு இது தடையாக இருக்கலாம், இதை ஆராய வேண்டும் என்றும் எழுதி வைத்தார். சுமார் கால் நூற்றாண்டுக்கு யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை!

பிறகு இது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது ராணுவ ஆராய்ச்சிக் கூடங்களில் இருந்து. விஷவாயு நுரையீரலை என்ன செய்கிறது என்று பார்க்கப் போனவர்கள்தான் உயிர் காக்கும் விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தின் போர்ட்டன் டவுனில் ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலில் இருந்து வரும் நுரைக் குமிழ்கள் உடையாமல் அப்படியே நிற்பதை 1955-இல் எழுதினார். அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஜான் கிளெமென்ட்ஸ் அந்த இழுவிசையை அளந்து 1957-இல் வெளியிட்டார்.

அடுத்து வந்தவர் மேரி எல்லன் ஏவரி. மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலையும், வேறு காரணத்தால் இறந்த குழந்தைகளின் நுரையீரலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். திணறி இறந்தவர்களிடம் அந்த வழுவழுப்புப் பொருள் போதுமான அளவு இல்லை. ஜெரி மீட் என்பவருடன் சேர்ந்து 1959-இல் கட்டுரை எழுதினார். அதுவரை டாக்டர்கள் இறந்த குழந்தையின் நுரையீரலில் கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு இருப்பதைப் பார்த்து, அதுதான் நோய்க்குக் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏவரி சொன்னது நேர் எதிர். அங்கே இருக்கும் ஒன்று காரணம் அல்ல, இருக்க வேண்டியது இல்லாமல் போனதுதான் காரணம்!

ஆக, பேட்ரிக் கென்னடி இறந்தபோது காரணம் தெரிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வைத்தியம்தான் தெரியவில்லை.

செத்திருக்க வேண்டிய ஆட்டுக்குட்டி

இப்போது நியூசிலாந்துக்குப் போவோம். அங்கே ஆக்லாந்து நகரத்தில் தேசியப் பெண்கள் ஆஸ்பத்திரி என்று ஒன்று. அதில் மகப்பேறு மருத்துவராக இருந்தவர் கிரகாம் லிக்கின்ஸ். நண்பர்கள் 'மான்ட்' என்று கூப்பிடுவார்கள். அவருக்கு நுரையீரல் மேல் தனி ஆர்வம் எதுவும் கிடையாது. அவர் கேள்வி வேறு. பிரசவ வலியை ஆரம்பித்து வைப்பது யார்? தாயா, குழந்தையா? அது தெரிந்துவிட்டால் குறைப்பிரசவத்தையே தடுத்துவிடலாமே என்பது அவர் கணக்கு.

நியூசிலாந்தில் ஆடுகளுக்கா பஞ்சம்? செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ச்சி ஆரம்பித்தார். கருவில் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியை அழித்துவிட்டால் ஆடு குட்டி போடவே மாட்டேன் என்கிறது, நாள் தள்ளிக்கொண்டே போகிறது. அப்படியானால் வலியை ஆரம்பித்து வைப்பது குட்டிதான். அடுத்து, குட்டிக்குக் கார்டிசால் வகை ஸ்டீராய்டைச் செலுத்திப் பார்த்தார். உடனே குறைப்பிரசவம். அவர் நினைத்தது சரியாக இருந்தது.

ஆனால் அங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆட்டின் கர்ப்பகாலம் சுமார் 147 நாள். ஸ்டீராய்டு கொடுத்த ஒரு குட்டி 117-ஆவது நாளிலேயே பிறந்துவிட்டது. அந்த வயதுக் குட்டி மூச்சுவிட வாய்ப்பே இல்லை. நுரையீரல் கல்லீரல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் இந்தக் குட்டி மூச்சுவிட்டது! பிறகு அறுத்துப் பார்த்தபோது நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று புகுந்து விரிந்திருந்தது.

லிக்கின்ஸின் பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் தேடிக்கொண்டிருந்தது பிரசவ வலியின் காரணத்தை. குட்டி மூச்சுவிட்டது அவர் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். "சரி, ஏதோ ஒரு குட்டி" என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் விடவில்லை. ஸ்டீராய்டு, நுரையீரலை நாள் வருவதற்கு முன்பே பக்குவப்படுத்தி இருக்குமோ என்று யோசித்தார். 1969-இல் வெளியான ஆட்டுக்குட்டிக் கட்டுரையில் அந்த யோசனையையும் எழுதி வைத்தார்.

282 தாய்மார்கள்

குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, அதே 1969-ஆம் வருடக் கடைசியில் லிக்கின்ஸ் மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கினார். முறை ரொம்ப நேர்மையானது. குறைப்பிரசவம் ஆகும் நிலையில் வந்த தாய்மார்களில் பாதிப் பேருக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. மீதிப் பேருக்குப் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் வீரியம் மிகக் குறைந்த வேறொரு ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். ஊசி போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது.

1972-இல் முடிவு வெளியானது. மொத்தம் 282 தாய்மார்கள். எதிர்பாராமல் குறைப்பிரசவம் ஆனவர்களின் குழந்தைகளில்:

சாதாரண ஊசி போட்ட குழுவில் முதல் வாரத்துக்குள் இறந்தவர்கள் 15 சதவீதம். ஸ்டீராய்டு குழுவில் 3.2 சதவீதம்.

மூச்சுத் திணறல் நோய் வந்தவர்கள், சாதாரணக் குழுவில் 25.8 சதவீதம். ஸ்டீராய்டு குழுவில் 9 சதவீதம்.

32 வாரத்துக்கும் முன்பே பிறந்து, ஊசி வேலை செய்ய 24 மணி நேரமாவது கிடைத்த குழந்தைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது. 69.6 சதவீதத்துக்கு எதிராக 11.8 சதவீதம்!

இதைவிடத் தெளிவான ஒரு முடிவு கிடைப்பது கஷ்டம்.

ஸ்டீராய்டு உள்ளே போய் என்ன செய்கிறது?

1972-இல் இதற்குப் பதில் பாதிகூடத் தெரியாது. பிறகு வந்த ஆராய்ச்சிகள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லின.

ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் ஹார்மோன். செல்லின் சவ்வை ஊடுருவி உள்ளே போகும். அங்கே தனக்கென்று காத்திருக்கும் ஒரு ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழையும். சில மரபணுக்களை எழுப்பிவிடும், சிலவற்றை அடக்கிவைக்கும். நுரையீரலில் சர்ஃபாக்டன்டைச் செய்யும் செல்களில் இப்படி எழுப்பிவிடப்படுபவற்றில் சர்ஃபாக்டன்டின் புரதங்களும் உண்டு. இயற்கையாகவே கர்ப்பத்தின் கடைசியில் குழந்தையின் அட்ரீனல் சுரப்பி கார்டிசாலைக் கூட்டுகிறது. ஊசி செய்வது, அந்தக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதுதான்.

சர்ஃபாக்டன்டில் முக்கியமான புரதங்கள் நான்கு. எஸ்.பி-ஏ, எஸ்.பி-பி, எஸ்.பி-சி, எஸ்.பி-டி. இதில் ஏ-யும் டி-யும் ஒரே குடும்பம். இரண்டுமே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். எஸ்.பி-ஏ பார்க்க ஒரு பூங்கொத்து மாதிரி இருக்கும். தண்டுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்க, தலைகள் விரிந்திருக்கும். கால்சியம் அந்தத் தலைகளில்தான் உட்காரும். கால்சியம் இருந்தால்தான் அந்தத் தலை, கிருமியின் மேலுள்ள சர்க்கரையைப் பிடிக்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும். பூட்டுக்குள் சாவி இருந்தால்தான் பூட்டு வேலை செய்யும் என்பது மாதிரி.

கால்சியத்தோடு சேர்ந்து எஸ்.பி-ஏ இன்னொரு வேலையும் செய்கிறது. சர்ஃபாக்டன்டின் கொழுப்பை வலை மாதிரி கட்டம் கட்டமாக அடுக்கி வைக்கிறது. இந்த வலை இல்லாவிட்டால் மூச்சே நின்றுவிடும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். 1996-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் எஸ்.பி-ஏ மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளில் வலை அநேகமாக இல்லை. ஆனால் எலிகள் நன்றாகவே மூச்சுவிட்டன! அவற்றுக்கு எது பலவீனம் என்று அடுத்த வருடம் தெரிந்தது. நுரையீரலுக்குள் பாக்டீரியா போனால் மற்ற எலிகள் மாதிரி விரட்ட முடியவில்லை. அதாவது கால்சியம் பிடிக்கும் இந்தப் புரதத்தின் முக்கிய வேலை காவல் காப்பது. மூச்சுக்கு இன்றியமையாதது எஸ்.பி-பி. அது பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்துபோவதை 1993-இலேயே கண்டிருந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டைக் கூட்டினால் எஸ்.பி-ஏ கூடிக்கொண்டே போகும் என்று யாரும் நினைத்தால் தவறு. அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் கரோல் மெண்டல்சனின் ஆய்வுக்குழு, கருவின் நுரையீரல் திசுவை வைத்து இதைச் சோதித்தது. கொஞ்சமாக ஸ்டீராய்டு கொடுத்தால் எஸ்.பி-ஏ கூடுகிறது. அதிகமாகக் கொடுத்தால் குறைகிறது! காரணம், ஸ்டீராய்டு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. மரபணுவில் இருந்து நகல் எடுக்கும் வேகத்தைக் கூட்டுகிறது. எடுத்த நகல் சீக்கிரம் சிதைந்துபோகவும் வைக்கிறது. குறைந்த அளவில் முதல் வேலை ஜெயிக்கும், அதிக அளவில் இரண்டாவது ஜெயிக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது செல்லுக்குள்ளும் பொருந்துகிறது.

இதே ஆய்வுக்குழு 2004-இல் இன்னொன்றையும் சொன்னது. எலிகளில், பக்குவமடைந்த குட்டியின் நுரையீரல் வெளியே விடும் எஸ்.பி-ஏ, பிரசவத்தை ஆரம்பிக்கச் சொல்லும் செய்தியாக வேலை செய்கிறது என்று. "என் நுரையீரல் தயார், வெளியே வரலாம்" என்று குட்டி சொல்கிற மாதிரி! பிரசவ வலியின் காரணத்தைத் தேடிப் போன லிக்கின்ஸுக்கு நுரையீரல் கிடைத்தது. நுரையீரல் புரதத்தைத் தேடிப் போன மெண்டல்சனுக்குப் பிரசவ வலியின் காரணத்தில் ஒரு பகுதி கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது தேதிகளை. 1988, 1993, 1996, 2004 என்று விளக்கங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, வலையைப் பற்றியது மாதிரி சில நடுவில் மாறியும் போகின்றன. ஆனால் ஊசி உயிரைக் காப்பாற்றும் என்ற முடிவு 1972-இல் வந்தது வந்ததுதான். எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி. வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் கிடைக்க முதலாவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பயம் நியாயமானதுதான்

பிறகு ஏன் டாக்டர்கள் ஊசியைக் கையில் எடுக்கவில்லை? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் திட்டிவிட முடியாது. அவர்கள் பட்ட சூடு அப்படி.

1940-களிலும் 50-களிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு நல்லது என்று நம்பி ஆக்ஸிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. வாந்திக்கு நல்ல மருந்து என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த தாலிடோமைடு, கை கால் இல்லாத குழந்தைகளைக் கொடுத்தது. 1961-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று தாய்மார்களுக்குக் கொடுத்த டி.ஈ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன், அவர்களின் மகள்களுக்கு இளம்வயதிலேயே அரிதான புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று 1971-இல் தெரிந்தது. அதாவது லிக்கின்ஸின் கட்டுரைக்கு முந்தைய வருடம்!

இந்த நிலைமையில் இன்னொரு ஹார்மோனைக் கர்ப்பிணிக்குப் போடச் சொன்னால் யாருக்குத்தான் கை நடுங்காது? மூளை வளர்ச்சி பாதிக்குமோ, தாய்க்குக் கிருமித் தொற்று வருமோ, குழந்தை பெரியவனானதும் ஏதாவது கிளம்புமோ என்று கேள்விகள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

ஆனால் பயத்துக்கு மருந்து கணக்கு. கணக்கைத்தான் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏழு கடை, ஏழு கணக்குப் புத்தகம்

1972-க்குப் பிறகு வேறு ஆஸ்பத்திரிகளிலும் இதே சோதனையைச் செய்தார்கள். பெரும்பாலானவை சின்னச் சோதனைகள். சிலவற்றில் பலன் தெளிவாகத் தெரிந்தது. பலவற்றில் "பலன் இருக்கிற மாதிரி தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்று முடிவு வந்தது. படிக்கிற டாக்டர் என்ன நினைப்பார்? "முடிவுகள் ஒத்துவரவில்லை, பொறுத்துப் பார்ப்போம்."

ஒரு முதலாளிக்கு ஏழு ஊரில் ஏழு சின்னக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதக் கணக்கைக் கடைகடையாகப் பார்த்தால், இரண்டில் நல்ல லாபம். ஐந்தில் லாபம் வந்த மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. "ஐந்து கடை சந்தேகம், இரண்டுதான் தேறும், வியாபாரம் சரியில்லை" என்று முடிவு கட்டினால் அது கணக்கு அல்ல. ஏழையும் ஒரே பேரேட்டில் கொண்டுவந்து கூட்டிப் பார்த்தால்தான் மொத்த வியாபாரத்தின் நிலை தெரியும். சின்னச் சின்னக் கணக்கில் தற்செயல் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும். கூட்டக் கூட்ட அது அடங்கி உண்மை மேலே வரும்.

மருத்துவத்தில் இந்தக் கூட்டலைச் செய்யும் பழக்கமே அப்போது இல்லை. ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர். ஒவ்வொரு துறையும் தன் சோதனை முடிவுகளை ஒழுங்காகத் தொகுத்து வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1979-இல், ஆதாரம் பார்க்காமல் வைத்தியம் செய்வதில் கடைசி இடம் மகப்பேறு துறைக்குத்தான் என்று சொல்லி, அதற்கு 'மரக்கரண்டி' பரிசு கொடுத்தார். கடைசியாக வருபவரைக் கேலி செய்ய ஆங்கிலேயர் கொடுக்கும் பரிசு அது.

அந்தக் கேலியைச் சவாலாக எடுத்துக்கொண்டவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இயான் சால்மர்ஸ். அவரும் நண்பர்களும் மகப்பேறு துறைச் சோதனைகளைத் தேடித் தேடித் தொகுத்தார்கள். ஸ்டீராய்டு பகுதியை எடுத்துச் செய்தவர் டப்ளின் நகரத்து டாக்டர் பேட்ரிஷியா குரோலி. 12 சோதனைகள், 3,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றவை. 1989-இல் புத்தகமாகவும் 1990-இல் கட்டுரையாகவும் வந்த அந்தக் கூட்டலின் விடை: ஸ்டீராய்டு ஊசி, மூச்சுத் திணறல் நோயையும் குழந்தைச் சாவையும் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது. பயந்தபடி பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை.

புதிய சோதனை எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்கள் எல்லாம் ஏற்கெனவே அச்சில் இருந்தன. முதல் சோதனை வந்து பத்து வருடத்திலேயே கூட்டிப் பார்த்திருந்தால் இதே விடைதான் வந்திருக்கும்.

அப்போதும் உடனே மாறிவிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த ஊசி தேவைப்பட்ட தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அது கிடைத்தது. கடைசியில் 1994-இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் நிபுணர்களைக் கூட்டி, போட வேண்டும் என்று தெளிவாக அறிவித்தது. அதன் பிறகுதான் வேகம் பிடித்தது.

இங்கே ஒரு வியாபார விஷயமும் இருக்கிறது. 1980-இல் ஜப்பானைச் சேர்ந்த டெட்சுரோ ஃபுஜிவாரா, பிறந்த குழந்தையின் நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்டையே ஊற்றிக் காப்பாற்றலாம் என்று காட்டினார். அது பெரிய சாதனைதான். 1990-இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்ததும் ஆஸ்பத்திரிகளில் வேகமாகப் பரவியது. அதற்குப் பின்னால் கம்பெனிகள் இருந்தன. விலை அதிகம், லாபமும் உண்டு. ஸ்டீராய்டோ பழைய மருந்து, மலிவு. அதைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய்ச் சொல்ல எந்த விற்பனைப் பிரதிநிதியும் இல்லை. 1991-இல் மிராண்டா மக்ஃபோர்டும் மற்றவர்களும் செலவுக் கணக்குப் போட்டு, இந்த ஊசி உயிரோடு சேர்த்துப் பணத்தையும் மிச்சப்படுத்தும் என்று காட்டினார்கள். மலிவான நல்ல பொருளுக்கு விளம்பரம் செய்ய ஆள் இல்லை என்பது கடைத்தெருவில் மட்டும் அல்ல, ஆஸ்பத்திரியிலும் உண்மை.

1990-களில் சால்மர்ஸும் மற்றவர்களும் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருக்கலாம். ஒரு செங்குத்துக் கோடு, குறுக்கே ஏழு சின்னக் கோடுகள், கீழே இடது பக்கம் ஒரு வைர வடிவம். அழகுக்கு வரைந்தது அல்ல அது. ஏழு கோடுகளும் ஏழு ஸ்டீராய்டு சோதனைகள். செங்குத்துக் கோட்டைத் தொடும் ஒவ்வொன்றும் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று வந்தது. கீழே இருக்கும் வைரம்தான் கூட்டல். அது நடுக்கோட்டைத் தொடாமல் தள்ளி நிற்கிறது, அதாவது பலன் உறுதி. இந்தக் கூட்டல் தாமதமானதால் பல்லாயிரம் குழந்தைகள் தேவையில்லாமல் இறந்திருக்கலாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. ஒரு தோல்வியைத் தன் சின்னமாக வைத்துக்கொண்ட அமைப்பு அது!

மூளை பாதிக்குமோ என்ற பயம்? ஆக்லாந்து சோதனைக் குழந்தைகளை 30 வயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. அறிவுத்திறனிலோ இதய நலத்திலோ இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்சுலின் விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் தெரிந்தது, சர்க்கரை நோய் கூடவில்லை.

கதையின் இரண்டாம் பாகம்

"ஆதாரம் கிடைத்துவிட்டது, இனி உலகத்தில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் போட்டுவிடலாம்" என்று தோன்றும். அங்கேதான் அடுத்த பாடம்.

பழைய சோதனைகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. ஏழை நாடுகளின் கிராமங்களில் என்ன ஆகும்? இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, அர்ஜென்டினா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 1 லட்சம் பிரசவங்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியாவில் பெல்காம், நாக்பூர் பகுதிகள். 2015-இல் வெளியான முடிவு அதிர்ச்சி. ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் குழந்தைச் சாவு குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது! தாய்மார்களுக்குக் கிருமித் தொற்றும் கூடியிருந்தது.

ஊசி அதேதான். இடம்தான் வேறு. கிராமங்களில் கர்ப்பம் எத்தனை வாரம் என்று ஸ்கேன் பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால் நாள் நிறைந்த பல தாய்மார்களுக்கும் ஊசி போனது. அவர்களின் குழந்தைகளுக்கு அது தேவையே இல்லை. பிறந்த பிறகு கவனிக்கும் வசதியும் குறைவு. செல்லுக்குள் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும் ஒரு ஹார்மோனைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் மறுபடி ஒரு சோதனையை நடத்தியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 ஆஸ்பத்திரிகள். ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதி செய்த 2,852 தாய்மார்கள். மருந்து டெக்ஸாமெத்தசோன், கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே மலிவான ஸ்டீராய்டு. 2020-இல் முடிவு வந்தது. குழந்தைச் சாவு 23.5 சதவீதத்தில் இருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது. 25 தாய்மார்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தையின் உயிர் மிஞ்சும் என்ற கணக்கு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஆக ஊசி ஏழை நாட்டிலும் வேலை செய்கிறது. வாரம் சரியாகத் தெரிய வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, பிறந்த குழந்தையைக் கவனிக்க வசதி வேண்டும். இந்த நிபந்தனைகளோடுதான் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது.

லிக்கின்ஸ் 2010-இல் காலமானார், ஏவரி 2011-இல். அவர்கள் தொடங்கி வைத்த ஒரு ஊசியின் வரலாறு இரண்டு பக்கமும் எச்சரிக்கிறது. கையில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்க்காமல் பயந்தே உட்கார்ந்திருந்தால் குழந்தைகள் சாகும். 1972-இல் இருந்து 1994 வரை அதுதான் நடந்தது. ஓர் இடத்துக் கூட்டலை எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அதுவேதான் என்று நினைத்தாலும் குழந்தைகள் சாகும். 2015-இன் முடிவு சொன்னது அதைத்தான். கணக்கைப் போடவும் வேண்டும், அது எந்தக் கடையின் கணக்கு என்று பார்க்கவும் வேண்டும்.